சின்ன மீனின் இருதயம்



வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் நீலக் கோடுகளோடு துள்ளித் திரியும் ஜீப்ரா மீனை உங்கள் பிள்ளைகள் அறிவார்கள். விரல் நீளமும் இல்லாத இம்மீன் நம் தேசத்து ஓடைகளிலும் நெல்வயல் நீரிலும் வாழ்வது. கங்கையின் மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-ல் இதனைப் பதிவு செய்தார்.

இன்று நமது ஐதராபாத்தின் ஹப்சிகூடாவிலுள்ள சி.சி.எம்.பி. ஆய்வு மையத்திலும் இதனை ஆராய்கிறார்கள். ஏன் தெரியுமா? இதன் கரு கண்ணாடி போன்றது. ஏறக்குறைய ஒரே நாளில் இருதயம் துடிக்கத் தொடங்குவதை வெளியிலிருந்தே காணலாம். மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்திற்கு இம்மீனில் இணை உண்டென்று 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது.

2002-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட செய்தியோ இன்னும் அதிசயம். இருதயக் கீழறையில் ஏறத்தாழ 20 சதவீதத்தை வெட்டியெடுத்த பின்பும், இரண்டே மாதங்களில் அங்கே புதிய தசை வளர்ந்திருந்தது!

மாரடைப்பில் மடிந்த நமது இருதயத் தசையோ அவ்விதம் வளர்வதில்லை, தழும்பே மிஞ்சும். ஆகவே நெஞ்சுவலி வந்தால், "ஜெபித்துவிட்டுப் பார்க்கலாம்" என்று தாமதியாதிருங்கள். ஜெபித்துக்கொண்டே மருத்துவமனைக்கு விரையுங்கள். பவுலுக்குப் பிரியமான லூக்காவும் வைத்தியனே (கொலோ. 4:14).

வேறொரு தழும்பும் உண்டு. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நம்மில் பலர், சொத்துப் பிரிவினையில் உடன்பிறந்தாரோடு உண்டான கசப்பை ஆண்டுக்கணக்காய்ச் சுமக்கிறோம். அதை ஆற்ற எந்த ஆய்வுக்கூடத்தாலும் கூடாது. எசேக்கியேல் 36:26-ஐ இன்றிரவு குடும்பமாக வாசியுங்கள். வாசித்தபின் ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்யுங்கள். சின்ன மீனுக்கும் புதுத்தசை அருளிய சிருஷ்டிகர் உங்களுக்குப் புதிய இருதயம் தருவாராக. ஆமென்.