தெற்காசியாவில் புலி, ஆசியாவில்?

திருவனந்தபுரத்தில் ஏழாவது முறையாகத் தெற்காசியக் கோப்பையை வென்றது இந்தியா. ஆனால் ஆசியக் கோப்பையில் 1964இல் பெற்ற இரண்டாவது இடம் அதற்குப் பிறகு திரும்பவே இல்லை.

2016 ஜனவரி 3. திருவனந்தபுரத்தின் புறநகரான காரியவட்டத்தில் தெற்காசியக் கால்பந்து சாம்பியன்ஷிப்பின் இறுதி ஆட்டம். 70ஆவது நிமிடத்தில் ஆப்கானிஸ்தானின் ஜுபைர் அமிரி கோல் அடிக்கிறார். இரண்டே நிமிடத்தில் ஜேஜே லால்பெக்லுவா அதைச் சமன் செய்கிறார். கூடுதல் நேரத்தில், 101ஆவது நிமிடத்தில், சுனில் சேத்ரி வெற்றி கோலைப் போடுகிறார். 2-1. தரவரிசையில் தன்னைவிட முன்னால் இருந்த அணியை வீழ்த்தி, ஏழாவது முறையாக இந்தியா சாம்பியன்.

கால்பந்தை உயிராக நேசிக்கும் கேரளத்தின் தலைநகரில் இதைவிடப் பொருத்தமான முடிவு இருக்க முடியாது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. பாகிஸ்தான் விலகிக்கொண்டதால் ஏழே நாடுகள் ஆடிய போட்டி இது. தெற்காசியா என்ற வேலியைத் தாண்டினால் இந்தியாவின் இடம் எது?

அந்த இடம் ஒரு காலத்தில் மிக உயரத்தில் இருந்தது. 1954இல் மணிலாவில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு உருவானபோது அதை நிறுவிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இரண்டே ஆண்டுகளில், 1956இல், ஹாங்காங்கில் நான்கு அணிகளுடன் முதல் ஆசியக் கோப்பை நடந்தது. வென்றது தென்கொரியா. 1960இலும் அவர்களே.

1964இல் போட்டியை நடத்தியது இஸ்ரேல். தகுதிச் சுற்றில் இந்தியாவின் பிரிவில் இருந்த மற்ற நாடுகள் விலகிக்கொள்ள, ஒரு ஆட்டம்கூட ஆடாமல் இந்தியா உள்ளே நுழைந்தது. ஆனால் அங்கே பெற்றது இனாம் அல்ல. நடப்பு சாம்பியன் தென்கொரியாவை 2-0 என்றும் ஹாங்காங்கை 3-1 என்றும் தோற்கடித்தது. இஸ்ரேலிடம் மட்டும் 0-2. சுனி கோஸ்வாமியின் அணிக்கு இரண்டாம் இடம். 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்ற தலைமுறை அது. அந்த அணியை உருவாக்கிய பயிற்சியாளர் ரஹீம் 1963இல் புற்றுநோய்க்கு பலியாகியிருந்தார்.

அதன்பின் இருபது ஆண்டு மௌனம். இதற்குள் ஆசியா மாறிவிட்டது. 1968இலிருந்து தொடர்ந்து மூன்று முறை ஈரான், 1980இல் குவைத், பிறகு சவூதி அரேபியா என்று மேற்காசியா கோப்பையைத் தன்வசமாக்கியது. 1992இல் முதல் முறை வென்ற ஜப்பான், அடுத்த ஆண்டு தொழில்முறை லீக்கைத் தொடங்கி, 2011க்குள் மொத்தம் நான்கு கோப்பைகளைக் குவித்தது. போர்ச் சூழலில் இருந்து வந்த இராக்கூட 2007இல் சாம்பியன் ஆனது.

இந்தியா 1984இல் சிங்கப்பூருக்குப் போய், ஈரானுடன் கோலின்றி டிரா செய்ததோடு திரும்பியது. அடுத்த வாய்ப்பு 27 ஆண்டுகள் கழித்து, 2011இல். ஆஸ்திரேலியா, பஹ்ரைன், தென்கொரியா மூன்றிடமும் தோல்வி. வாங்கிய கோல்கள் 13.

இந்த நீண்ட இடைவெளிதான் கேரளத்தின் பொற்காலத்தை விழுங்கியது. 1990இலும் 1991இலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்ற கேரள போலீஸ் அணியில் வி.பி. சத்யனும் ஐ.எம். விஜயனும் இருந்தார்கள். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையனாகத் தொடங்கிய விஜயன், 1997இல் காத்மாண்டுவில் நடந்த தெற்காசியப் போட்டியில் ஆறு கோல்கள் அடித்தார். இறுதி ஆட்டத்தில் மாலத்தீவுக்கு ஐந்து கோல். இவ்வளவு இருந்தும் விஜயன் ஒரு ஆசியக் கோப்பையிலும் ஆடவில்லை. நாடு தகுதி பெறாதபோது தனிமனிதத் திறமை என்ன செய்யும்?

தெற்காசியக் கோப்பை 1993இல் லாகூரில் தொடங்கியது. முதல் கோப்பையே இந்தியாவுக்கு. 1995இல் கொழும்பில் இலங்கை, 2003இல் டாக்காவில் வங்கதேசம், 2008இல் மாலத்தீவு, 2013இல் ஆப்கானிஸ்தான் என்று எப்போதாவது இடறியதுண்டு. 2023இல் பெங்களூரில் குவைத்தை பெனால்ட்டியில் வென்றதோடு மொத்தம் ஒன்பது கோப்பைகள். சுலபமாகக் கிடைக்கும் வெற்றியில் ஓர் ஆபத்து உண்டு: நோயாளிக்குத் தன் காய்ச்சல் தெரியாது.

திருவனந்தபுர வெற்றிக்குப் பிறகு சிறிது காலம் நம்பிக்கை துளிர்த்தது உண்மை. பயிற்சியாளர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைனின் அணி 2017இல் உலகத் தரவரிசையில் 96ஆவது இடத்துக்கு வந்தது. 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என்று நொறுக்கியது. மலப்புரத்தின் அனஸ் எடத்தொடிகாவும் ஆஷிக் குருணியனும் அந்த அணியில் இருந்தார்கள். பஹ்ரைனுடன் டிரா செய்தால் அடுத்த சுற்று. 90 நிமிடம் தாக்குப்பிடித்த அணி, அதற்குப் பின் ஒரு பெனால்ட்டியில் எல்லாவற்றையும் இழந்தது. 2024 ஜனவரியில் கத்தாரில் மூன்று ஆட்டங்கள், மூன்று தோல்விகள், ஒரு கோல்கூட இல்லை.

2027 போட்டிக்கான தகுதிச் சுற்றுக்கு, ஓய்வு பெற்றிருந்த சேத்ரியை 40 வயதில் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. 1964இல் தோற்கடித்த அதே ஹாங்காங்கிடம் 2025 ஜூனில் தோல்வி. அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2. வாய்ப்பு போயிற்று. நவம்பரில் டாக்காவில் வங்கதேசமும் வென்றது. இப்போது பக்கத்து வீட்டுக்காரனும் பயப்படுவதில்லை.

காரியவட்டம் அரங்கம்? 2017இல் அங்கே சர்வதேச கிரிக்கெட் வந்துவிட்டது. 2023 ஜனவரியில் அங்கேதான் இந்தியா இலங்கையை 317 ரன் வித்தியாசத்தில் வென்று ஒருநாள் ஆட்டங்களில் உலக சாதனை படைத்தது.

கால்பந்தைத் தேட வேண்டுமானால் தெற்கே, மாநில எல்லையோரம், பொழியூருக்குப் போக வேண்டும். கேரள அணிக்குப் பல வீரர்களைத் தந்த மீனவர் கிராமம் அது. எல்லை தாண்டினால் குமரி மாவட்டத்தின் தூத்தூர் பகுதி. அங்கும் இதே பித்து. இந்தியாவுக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் அந்தக் கரையில் இருந்து வந்தவர். கடற்கரை மணல்தான் இவர்களின் மைதானம். கடலரிப்பு அதையும் வருடாவருடம் தின்றுகொண்டிருக்கிறது. மிச்சமிருக்கும் மணலில் பந்து உருள்கிறது. அடுத்த விஜயனுக்கு ஆசியக் கோப்பை வாய்க்குமா என்பதை முடிவு செய்யப்போவது அந்தக் கரை அல்ல.