பிரேக் அடிக்கும்போது பூல் ஸ்டிக் ஏன் முறிகிறது?

பூல் ஆட்டத்தில், முக்கோணமாக அடுக்கிய 15 பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடிதான் 'பிரேக்'. மொத்த பலத்தையும் இறக்கும்போது, சில நேரம் 'மளார்' என்று க்யூ ஸ்டிக் முறிந்துவிடும். 'ரொம்ப வேகமா அடிச்சுட்டே' என்பார்கள் நண்பர்கள். வேகம் மட்டுமே காரணமல்ல!

ஒரு சாக்பீஸை நெடுக்காக அழுத்துங்கள், தாங்கும். குறுக்கே வளைத்தால் பட்டென்று ஒடியும். ஸ்டிக்கும் அப்படித்தான். வெள்ளைப் பந்தின் நடுவில் நேராகப் பட்டால், விசை மரத்தின் நெடுக்கே போய்விடும். ஓரத்தில் பட்டால் முனை வளையும். அதே வேகத்தில் மேஜை விளிம்பிலும் இடித்தால், மெல்லிய பகுதி முறியும்.

அடுத்தது, மரத்தின் ரேகை. அது நுனிவரை நேராக ஓட வேண்டும். பாதியில் சாய்ந்திருந்தால், விரிசலும் அந்த வழியே ஓடும்.

பொருந்தாத ஸ்டிக்கும் ஒரு காரணம். 1880-களில் ஊட்டி கிளப்பில் விதிகள் வகுக்கப்பட்ட ஸ்நூக்கருக்கான ஸ்டிக்கின் நுனி 9-10 மி.மீ.தான். பூல் ஸ்டிக்குக்கு 12-13 மி.மீ. மெல்லியதை எடுத்து பிரேக் அடிக்காதீர்கள். பிரேக்குக்கென்றே தனி ஸ்டிக்கும் உண்டு.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. மயிலாப்பூர், அடையாறு கடற்காற்றின் ஈரத்தில் மரம் உப்பும். தி.நகர் வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்தால் காய்ந்து கோணும். எனவே, உறையில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள்.

ஆடும் முன் நுனிப்பகுதியை நன்றாகப் பாருங்கள். முடி அளவு விரிசல் தெரிந்தாலும் அதை ஒதுக்கிவிடுங்கள். ஸ்டிக் போனால் வேறு வாங்கலாம். முறிந்த மரத்தின் சிராய் கையில் ஏறினால் வேதனை உங்களுக்குத்தான்!