பெயர் தெரியாதவருக்கும் ஒரு பெயர் உண்டு... தெரியுமா?

கோவை கணபதி டீக்கடையில் பேப்பரைப் பிரித்தால், "சத்தி ரோட்டில் அடையாளம் தெரியாத வாகனம் மோதி..." என்று அடிக்கடி செய்தி வருகிறதல்லவா? அந்த 'தெரியாத' ஆசாமிக்கு லத்தீனில் ஒரு பெயரே இருக்கிறது! 'நோமென் நெஸ்கியோ'! அர்த்தம் என்ன தெரியுமா? "பெயர் எனக்குத் தெரியாது!" அவ்வளவுதான்! சுருக்கமாக 'என்.என்.'. பழைய செஸ் புத்தகங்களில் எதிராளி யாரென்று தெரியாவிட்டால், 'என்.என்.' என்றுதான் இருக்கும்!

ரோமானியச் சட்டப் பாடத்தில் வரும் கற்பனைப் பிரதிவாதியின் பெயர் நுமேரியஸ் நெகிடியஸ். அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கும் பொருள், 'கொடுக்க மாட்டேன்'! எப்படி?

இங்கிலாந்தில் இன்னும் விசேஷம்! நிலத் தகராறுகளில், பிறக்கவே பிறக்காத ஜான் டோ, பிறக்கவே பிறக்காத ரிச்சர்ட் ரோ மீது கேஸ் போடுவார்! 1852இல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்தினார்கள்!

நம் நாட்டு ஜான் டோ யார் தெரியுமா? அசோக் குமார்! ஆள் தெரியாமல் கோர்ட் போடும் தடைக்கு வக்கீல்கள் வைத்த பெயர் 'அசோக் குமார் உத்தரவு'! 2002 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது, திருட்டுத்தனமாக ஒளிபரப்பிய கேபிள்காரர்கள் மீது டெல்லி உயர் நீதிமன்றம் அப்படி ஒரு தடை போட்டது. 2018இல் ரஜினியின் '2.0' வெளியானபோது? சென்னை உயர் நீதிமன்றம் முடக்கச் சொன்ன இணையதளங்கள் 12,000க்கும் மேல்!

தமிழ் மட்டும் சளைத்ததா? நம் உரையாசிரியர்களுக்கு உதாரணம் என்றாலே சாத்தனும் கொற்றனும்தான்! குறுந்தொகையில் பெயர் தெரியாத புலவருக்கு, அவருடைய பாட்டின் உவமையையே பெயராக்கி 'செம்புலப்பெயல்நீரார்' என்றார்களே! 'என்.என்.' என்று இரண்டு எழுத்தில் முடிப்பதைவிட இது எவ்வளவு அழகு!

சரி, மறுபடி சத்தி ரோட்டுக்கே வருவோம். மோதிவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் நஷ்டஈடு உண்டு, தெரியுமா? 2022 ஏப்ரல் 1 முதல், உயிர் போனால் 2 லட்சம் ரூபாய், பலத்த காயம் என்றால் 50,000! முன்பு வெறும் 25,000 ரூபாயும் 12,500 ரூபாயும்தான்! ஆனால் 2022இல் நாட்டில் பதிவான இத்தகைய விபத்துகள் 67,387. 2022-23இல் வந்த மனுக்கள் எத்தனை? வெறும் 205! நம்ப முடிகிறதா? 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே இதைப் பார்த்துவிட்டு, போலீஸே குடும்பத்தாரிடம் இந்தத் திட்டத்தைச் சொல்ல வேண்டும் என்றது. அந்த வழக்கைப் போட்டவர் யார் தெரியுமா? நம் கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன்!

உங்கள் தெருவில் அப்படி ஒரு குடும்பம் இருக்கிறதா? மோதியவன் பெயர் தெரிய வேண்டியதே இல்லை, வருவாய்த் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம் என்று இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்!