பழைய மீன் படங்களும் நம் ஓடைகளும்

சேர்வராயன் மலையில் பெய்யும் மழை, ஓடைகளாக இறங்கித் திருமணிமுத்தாறாகவும் சரபங்காவாகவும் காவிரியைச் சேருகிறது. இவ்வோடைகளில் நூறாண்டுகளுக்கு முன் எந்தெந்த மீன்கள் இருந்தன என்று ஏற்காட்டுப் பெரியோர்களை வினவினால், கேள்வியும் நினைவுமே சான்றாகக் கிடைக்கும். ஆராய்ச்சிக் கப்பல்கள் இத்தகைய குறையை எவ்வாறு போக்கின என்பதைப் பார்த்தால், நாம் செய்யவேண்டியது விளங்கும்.

1872 முதல் 1876 வரை கடல்களைச் சுற்றிவந்த ‘சாலஞ்சர்’ என்ற பிரிட்டிஷ் கப்பலில் விஞ்ஞானிகளோடு நிழற்படக்காரரும் சென்றனர். சிறு மீனைச் சாராயத்தில் இட்டுப் புட்டியில் அடைக்கலாம். பெருஞ்சுறாவை என் செய்வது? அதன் எலும்புக்கூடு குருத்தெலும்பாதலால் உலர்ந்தால் உருமாறும். தாடையும் பற்களும் நிழற்படமுமே பெரும்பாலும் எஞ்சும். அப்படத்தைச் சாய்வாக எடுத்துவிட்டாலோ, துடுப்புகளின் இடம் பிறழ்ந்து தோன்றி, இன்ன சுறா என்று துணிய இயலாது.

1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்கக் கரையோரம் சீலகாந்த் என்னும் மீன் வலையில் அகப்பட்டது. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனதாக எண்ணப்பட்ட இனம் அது. எடுத்த நிழற்படங்கள் பாழாயின. பொருட்காட்சிசாலையைச் சேர்ந்த லாட்டிமர் என்னும் பெண்மணி வரைந்தனுப்பிய எளிய கோட்டுப்படமே ஸ்மித் என்ற அறிஞருக்கு அதனை உணர்த்திற்று.

நம் நாட்டு மீன்களுக்கு இத்தகைய தொண்டு புரிந்தவர், சென்னைப் படையில் மருத்துவராயிருந்த பிரான்சிஸ் டே. 1875 முதல் 1878 வரை வெளிவந்த அவருடைய ‘இந்தியாவின் மீன்கள்’ நூலில் உள்ளவை நிழற்படங்கள் அல்ல, கல்லச்சுச் சித்திரங்கள். மீன்களின் தமிழ்ப் பெயர்களையும் அவர் கேட்டுக் குறித்திருப்பது நாம் பெரிதும் போற்றும் செயலாகும். அந்நூலில் ஜிலேபிக் கெண்டையைத் தேடினால் கிடைக்காது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அம்மீன் 1952-ல்தான் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. இன்றோ அது நம் குளங்களில் தொன்றுதொட்டு வாழ்வதென்றே பலர் கருதுகின்றனர்! அது பெருகிய நீர்நிலையில் நாட்டு மீன்கள் குறைந்தனவா என்று அறிய, முன்னைய பதிவு ஒன்று வேண்டும்.

ஆகவே, ஓடையிலோ குளத்திலோ புதிய மீன்குஞ்சுகளை விடுமுன், அங்கு இருப்பனவற்றைப் பஞ்சாயத்தார் படமெடுத்து வைப்பது நலம். கைப்பேசியே போதும். மீன் இறந்தவுடன் நிறம் மங்கத் தொடங்குவதால் தாமதிக்கலாகாது. தலை இடப்புறம் இருக்குமாறு ஈரத்துணிமேல் கிடத்தி, துடுப்புகளை விரித்து, அருகில் அளவுகோலை வைத்து, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். பிடித்தவர் மீனைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படம் வீட்டுச் சுவருக்கு அழகு. ஆராய்ச்சிக்கு அவ்வளவாக உதவாது. ஓடையின் பெயர், நாள், வலையின் வகை, மலைவாழ் மக்கள் அம்மீனுக்கு வழங்கும் பெயர் ஆகியவற்றைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பெயர் தெரியாத மீனின் படத்தைச் சென்னையிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கு அனுப்பிக் கேட்கலாம். கோடையில் ஓடை வற்றி மடுக்கள் மட்டும் எஞ்சியிருக்கும்போது ஒரு முறையும், மழைக்குப் பின் மறு முறையும் படமெடுத்தால் ஒப்பிடுவதற்கு வசதியாக இருக்கும்.