பையில் சிரிப்பவள் யார் சார்?

ஆரணியில் பட்டுப் புடவை எடுத்தால், புடவையோடு பெரும்பாலும் ஒரு பெண்ணும் கூடவே வருவாள். பதற வேண்டாம், பையில் அச்சடித்த பெண்! நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி, பளீர் சிரிப்பு... வீட்டுக்காரம்மா முறைக்கிற அளவுக்கு அழகு.

இந்த வியாபார வித்தைக்கு வயசு நூறுக்கு மேலே ஆகிறது, சார். விக்டோரியா மகாராணி காலத்தில், 1870-களிலும் 80-களிலும் அமெரிக்கக் கடைகளில் உள்ளங்கை அகல வண்ண அட்டைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். முன்பக்கம் படம், பின்பக்கம் விளம்பரம். சோப்பா? பெண் படம். நூல்கண்டா? பெண் படம். அடுப்புக்குப் பூசும் கறுப்பு பாலீஷா? அதற்கும் பெண் படம்தான்! ஜனங்கள் ஆசையாக ஆல்பத்தில் ஒட்டிச் சேர்த்தார்கள்.

எல்லாம் கற்பனை முகம் இல்லை. லிடியா பிங்காம் என்ற அம்மாள், பெண்களுக்கான மூலிகை டானிக் விற்றவர். அட்டையில் இருந்தது அவருடைய சொந்த முகம். 1883-ல் காலமாகிவிட்டார். கம்பெனி விடவில்லை. ‘உங்கள் குறைகளை மிஸஸ் பிங்காமுக்கு எழுதுங்கள்’ என்று விளம்பரம் தொடர்ந்தது. 1905-ல் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ பத்திரிகை அவருடைய கல்லறையையே போட்டோ பிடித்துப் போட்டு மானத்தை வாங்கியது!

நம்ம ஊருக்கு இந்த வித்தை துணி மூட்டையில் வந்தது. மான்செஸ்டர் மில் துணிகளில் வண்ண லேபிள் ஒட்டி அனுப்பினார்கள். லட்சுமி, சரஸ்வதி, நாட்டியப் பெண்கள்... படிக்கத் தெரியாதவர்களும் படத்தைச் சொல்லியே துணி கேட்கலாம். நம் கைத்தறியை மூலையில் உட்கார வைத்த துணிக்கு நம்ம லட்சுமியே மாடல்! சம்பளம் கூட இல்லை.

அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு ஒற்றுமை. படத்தில் இருப்பவள் வேறு, பாடுபடுகிறவள் வேறு. நெசவு வீட்டில் புருஷன் தறியில் உட்கார்ந்தால், பெண்டாட்டி ராட்டையில் தார் சுற்றுகிறாள், அறுந்த இழையை முடிகிறாள். பல வீடுகளில் அவளுக்கென்று தனிக் கூலி கிடையாது. கூலி புடவைக்கு, அது புருஷன் கணக்கில் வரும்.

அடுத்த தடவை பேரம் பேசும்போது, ‘இதை நெய்தது யாருங்க?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டுமே!