முழங்கால் மூட்டு மாற்றம்: முன்னேற்பாடும் பின்பயிற்சியும்

மனித உடலிலுள்ள மூட்டுக்களுள் மிகப் பெரியது முழங்கால் மூட்டாகும். தொடை எலும்பின் கீழ்முனையும், கீழ்க்காலின் பெரிய எலும்பின் மேல்முனையும், முன்புறமுள்ள சில்லும் சேர்ந்து இம்மூட்டை அமைக்கின்றன. எலும்பு முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தி நிற்கின்றது. இதற்கு இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலின், தேய்ந்த குருத்தெலும்பு தோலைப்போலத் தானே வளர்ந்து ஆறிவிடுவதில்லை. முதுமை, உடற்பருமன், பழைய காயம், பரம்பரை இயல்பு ஆகியவற்றால் தேய்வு மிகுந்து, நடக்குந்தோறும் வலி எழும் நிலையையே மூட்டுத் தேய்வு நோய் என்கிறோம்.

டில்லியின் தென்பகுதியிலுள்ள சரோஜினி நகர், முன்னாளில் விநய நகர் என வழங்கிய அரசாங்க ஊழியர் குடியிருப்பாகும். தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே தலைமுறை கடந்து வாழ்ந்து வந்துள்ளன. 2016ஆம் ஆண்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மறுநிர்மாணத் திட்டத்தின்படி அங்கு உயர்ந்த அடுக்கு வீடுகள் எழுந்து வருகின்றன. எனினும், மின்தூக்கியற்ற பழைய மாடி வீடுகளிற் படியேறிப் பழகிய முதியோர் இன்றும் தலைநகரிற் பலர் உளர். காய்கறி வாங்கக் கடைவீதிக்குச் செல்வதும், கோயிலில் தரையில் அமர்வதும் இயலாமற் போகும்போதுதான் அவர்கள் மருத்துவரை நாடுகின்றனர். அருகிலேயே இரண்டு பெரிய அரசாங்க மருத்துவமனைகள் உள்ளன. ஒன்று, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நேச நாட்டுப் படையினருக்காக அமைந்து, 1954இல் இந்திய அரசாங்கத்தின் பொறுப்பில் வந்த சப்தர்ஜங் மருத்துவமனை. மற்றொன்று 1956இல் நிறுவப்பெற்ற அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம்.

அறுவை எப்பொழுது வேண்டும்?

மூட்டு வலி கண்ட அனைவருக்கும் அறுவைச் சிகிச்சை வேண்டுவதில்லை. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது முழங்கால் தாங்கும் சுமை ஒவ்வோர் அடிக்கும் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகின்றது என ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். தொடையின் முன்தசையை வலுப்படுத்தும் பயிற்சி, வலியுள்ள காலுக்கு எதிர்க்கையில் ஊன்றும் கைத்தடி, மருத்துவர் தரும் வலி மருந்து ஆகியன பலருக்குப் பல்லாண்டுகள் போதுமானவை. இவற்றால் பயன் இன்றி, வலி இரவில் உறக்கத்தைக் கெடுத்து, சிறிது தூர நடையும் அரிதாகும்போதே மாற்று அறுவை கருதப்படுகின்றது. எக்ஸ்ரே படத்தைமட்டும் கொண்டு இதனை முடிவு செய்தல் முறையன்று. நோயாளியின் அன்றாட வாழ்க்கை எவ்வளவு முடங்கியுள்ளது என்பதே முதன்மையானது.

செய்யப்படுவது யாது?

முழங்காலை முழுவதும் வெட்டியெடுத்து வேறொன்றைப் பொருத்துவர் என்று பலர் அஞ்சுகின்றனர். உண்மையில், தேய்ந்த எலும்பு முனைகள் சில மில்லிமீட்டர் அளவே செதுக்கப்படுகின்றன. தொடை எலும்பின் முனைக்குக் கோபால்ட்-குரோமியம் கலந்த உலோக உறையும், கீழெலும்பின் மேல் ஓர் உலோகத் தட்டும், இரண்டிற்கும் இடையே வழவழப்பான பாலிதீன் பலகையும் பொருத்தப்படுகின்றன. பெரும்பாலும் இவை ஒருவகைப் பசைச் சிமெண்டினால் எலும்புடன் இறுக்கப்படும்.

இம்முயற்சி நெடுங்காலமாக வளர்ந்து வந்ததாகும். 1890ஆம் ஆண்டளவில் பெர்லின் நகரில் தெமிஸ்டாக்ளிஸ் குளுக் என்பவர் தந்தத்தினாற் செய்த மூட்டைப் பொருத்தினார், அஃது நிலைக்கவில்லை. 1970க்குப் பின் நியூயார்க்கில் ஜான் இன்ஸால், இந்தியாவிற் பிறந்த சித்தரஞ்சன் ராணாவத், பீட்டர் வாக்கர் ஆகியோர் வகுத்த அமைப்பே இன்றைய செயற்கை மூட்டுக்களுக்கு முன்னோடியாயிற்று. இந்தியப் பிரதமராயிருந்த அடல் பிகாரி வாஜ்பாய்க்கு பம்பாயிலுள்ள பிரீச் காண்டி மருத்துவமனையில் 2000 அக்டோபரில் இடது முழங்காலிலும், 2001 ஜூனில் வலது முழங்காலிலும் இவ்வறுவையை ராணாவத்தே செய்தார். இரு முழங்கால்களுக்கும் இடையே எட்டு மாதங்கள் விடப்பட்டமை கருதத்தக்கது. ஒரே வேளையில் இரண்டையும் செய்வது சிலருக்குப் பொருந்தும். இருதயமும் நுரையீரலும் வலுவற்றோர்க்குத் தனித்தனியே செய்வதே காப்பாகும்.

முன்னேற்பாடு

அறுவையின் வெற்றியில் ஒரு பங்கு, அறுவைக்கு முந்திய வாரங்களில் தீர்மானிக்கப்படுகின்றது. செயற்கை மூட்டின் பெரும்பகை கிருமித் தொற்றாகும். உலோகத்தின்மீது படிந்த கிருமிகளை மருந்தினால்மட்டும் அழித்தல் கடினம். சிலபோது பொருத்திய மூட்டையே எடுத்துவிட நேரும். ஆகவே, சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, காற்புண், தோல் நோய் ஆகியவற்றை முன்பே குணப்படுத்திக்கொள்ள வேண்டும். நீரிழிவு உடையோர் இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குட் கொணர வேண்டும். புகைபிடித்தலையும் புகையிலையையும் குறைந்தது நான்கு வாரம் முன்னதாகவே நிறுத்துதல் நன்று. அவை காயம் ஆறுவதைத் தாமதப்படுத்துகின்றன. இரத்தசோகை இருந்தால் அதனையும் சீர்செய்தல் வேண்டும்.

உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுக. இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரைகளையும், சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் மறைத்தல் கூடாது. தாமாகவே எதனையும் நிறுத்துவதும் தவறு.

தொடைத் தசைப் பயிற்சியை முன்பே தொடங்குதல் வேண்டும். காலை நீட்டிப் படுத்து, முழங்காலைப் படுக்கையோடு அழுத்தி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி விடுவதே எளிய பயிற்சி. ‘வாக்கர்’ எனப்படும் நான்கு காற் சட்டத்தைப் பிடித்து நடக்கவும் பழகிக்கொண்டால், வலியுள்ள நாளில் புதிதாகக் கற்கும் துன்பம் இராது.

வீட்டிலும் ஆயத்தம் வேண்டும். வழுக்கும் விரிப்புகளையும் தரையிற் கிடக்கும் மின்கம்பிகளையும் அகற்றுக. குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்துக. குந்தியமரும் கழிப்பறை மட்டும் உள்ள வீட்டில், நடுவே துளையுள்ள நாற்காலி ஒன்றைத் தேடி வைத்தல் இன்றியமையாதது. கைகளுள்ள உயரமான நாற்காலியும், தரையினின்று உயர்ந்த கட்டிலும் வேண்டும். மாடியில் வசிப்போர், இயன்றால் சில வாரங்களுக்குக் கீழ்த்தளத்து உறவினர் வீட்டில் இடம் கேட்டுக்கொள்ளலாம். முதல் இரு வாரங்களுக்கு உடன் இருப்பவர் யார் என்பதை முன்னரே உறுதி செய்தல் அவசியம்; இதனை மறந்தோரே வீடு திரும்பியபின் அதிகம் அல்லற்படுவர்.

செலவைப் பற்றியும் அறிந்திருத்தல் நலம். 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை மூட்டுக்களுக்கு உச்ச விலை விதித்தது. மிகுதியாகப் பயன்படும் கோபால்ட்-குரோமிய மூட்டிற்கு அவ்வமயம் குறிக்கப்பட்ட விலை, வரி நீங்கலாக 54,720 ரூபாயாகும். 1954இல் டில்லியில் தொடங்கப்பெற்ற மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தைச் சேர்ந்தவர்கள், முன் அனுமதி பற்றிய விதிகளைத் தங்கள் மருந்தகத்திற் கேட்டறிதல் வேண்டும்.

அறுவைக்குப் பின்

அறுவை பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் முடிவடையும். அன்றே அல்லது மறுநாளே நோயாளியை எழுந்து நிற்கவும் நடக்கவும் செய்வர். இது கொடுமையன்று. அசையாது கிடந்தால் காலின் உள்நரம்புகளில் இரத்தம் உறையலாம். அவ்வுறைவு நுரையீரலைச் சென்றடைந்தால் உயிருக்கே ஆபத்து நேரும். கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருப்பதும், மருத்துவர் தரும் உறைவு தடுக்கும் மருந்தைத் தவறாது கொள்வதும் இதனைத் தடுக்கும்.

வீட்டில் பெரும்பாலோர் செய்யும் பிழை ஒன்று உண்டு. வலி குறைய முழங்காலின் கீழ்த் தலையணை வைத்துக்கொள்கின்றனர். அதனால் கால் மடங்கியவாறே இறுகி, முழுவதும் நீளாமற் போகும். தலையணையைக் குதிகாலின் கீழ் வைத்தலே சரியானது. மடக்கும் பயிற்சியைப் போலவே நீட்டும் பயிற்சியும் முக்கியமாகும். சமதரையில் நடப்பதற்கு ஏறத்தாழ 65 பாகை மடங்கினாற் போதும். படி இறங்கவும் நாற்காலியினின்று எழவும் 90 பாகைக்கு மேல் வேண்டும். இந்த அளவை முதற்சில வாரங்களிலேயே எட்ட முயல வேண்டும். வலி மருந்தைப் பயிற்சிக்குச் சற்று முன் உட்கொள்வதும், பின்னர்த் துணியிற் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைப்பதும் உதவும்.

படி ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது அறுவை செய்த காலையும் கைத்தடியையும் முதலில் வைக்க வேண்டும். கைப்பிடியை ஒருபோதும் விடலாகாது.

கெண்டைக்கால் வீங்கி வலித்தல், மூச்சுத் திணறல், மார்பு வலி, காய்ச்சல், காயத்தினின்று நீரோ சீழோ கசிதல், வலி திடீரென மிகுதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மனநிலையும் எதிர்பார்ப்பும்

இரண்டாம் வாரம் முதல் ஆறாம் வாரம்வரை உறக்கமின்மையும் மனச்சோர்வும் பலருக்கு உண்டாகின்றன. ‘ஏன் செய்துகொண்டோம்’ என்று கலங்குவோரும் உளர். முழங்கால் சில மாதங்கள் வெதுவெதுப்பாயிருத்தல், வடுவின் வெளிப்புறம் மரத்திருத்தல், நடக்கையில் மெல்லிய ஒலி கேட்டல் ஆகியன பொதுவாக அஞ்சத்தக்கவை அல்ல. முழு நலம் பெற ஓராண்டுவரை ஆகலாம். ஒவ்வொரு நாளையும் அதற்கு முந்திய நாளோடு ஒப்பிடாது, ஒரு வாரத்தை முந்திய வாரத்தோடு ஒப்பிடுதல் தக்கது.

பயன் பெரிதெனினும் அதற்கு எல்லை உண்டு. ஏறத்தாழ ஐவரில் ஒருவர் முழு மனநிறைவு அடைவதில்லை. வலி தீர்ந்து நடை திரும்பினாலும், குந்தி அமர்தலையும், சம்மணமிடுதலையும், மண்டியிட்டு வணங்குதலையும் பலர் விட்டுவிட வேண்டியதாகும். பூசையும் உணவும் நாற்காலியில் அமர்ந்தே செய்யும் வழக்கத்திற்குக் குடும்பத்தார் இசைந்து கொடுத்தல் வேண்டும். 2019இல் வெளிவந்த ஒரு பெரும் ஆய்வின்படி, இத்தகைய மூட்டுக்களுள் நூற்றுக்கு 82 பங்கு 25 ஆண்டுகள்வரை நீடிக்கின்றன.

மூட்டு வலியால் வீட்டிற்குள்ளேயே முடங்கிய முதியோரைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அடிக்கடி காண்கின்றனர். ‘வயதானால் இப்படித்தான்’ என்று சொல்லி அவர்களை விட்டுவிடலாகாது. அறுவையே முடிவென்று அச்சுறுத்தவும் வேண்டுவதில்லை. முதலில் எடையும் பயிற்சியும், பின்னர் மருத்துவர் ஆலோசனை, அறுவை உறுதியாயின் வீட்டில் ஆயத்தம் என்ற வரிசையை அவர்களுக்கும் அவர்தம் மக்களுக்கும் எடுத்துரைப்பது பெரிதும் பயன்தரும்.