காசு கொடுத்துக் கையொப்பம் வாங்கலாமா?

பெரியோர் கையால் எழுதிய நாலெழுத்தைப் போற்றி வைத்துக்கொள்ளும் ஆசை நமக்குப் புதிதன்று. மும்பைச் சண்முகானந்த மண்டபத்திலோ தில்லித் தமிழ்ச் சங்கத்திலோ கச்சேரியும் சொற்பொழிவும் முடிந்ததும், மேடையருகே சிறு புத்தகத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் இளைஞர் சிலரை இன்றும் காணலாம். கைபேசியில் உடன்நின்று படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பெருகிய பின்னும் இந்த ஆசை முற்றும் ஒழிந்துவிடவில்லை. படம் ஒருவரது உருவத்தைக் காட்டும்; கையொப்பமோ, அவரது கை அந்தத் தாளின்மேல் ஒரு கணம் இயங்கியது என்பதற்குச் சான்றாக நிற்கும்.

ஊரை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு தனிப்பற்று உண்டு. ஒரு வாடகை வீட்டிலிருந்து மற்றொன்றுக்கும், ஒரு நகரிலிருந்து வேறொரு நகருக்கும் மாறிச் செல்கையில் எத்தனையோ பொருள்களை விட்டுச் செல்கிறோம். கையகலப் புத்தகம் ஒன்று மட்டும் பெட்டியின் அடியில் கிடந்து நம்முடனே வந்துவிடுகிறது.

ஆனால் இப்பொழுது கையொப்பம் கடைச்சரக்காகவும் ஆகிவிட்டது. நடிகர், விளையாட்டு வீரர், தலைவர், எழுத்தாளர் ஆகியோரின் கையொப்பங்கள் ஏலத்திலும் இணையத்திலும் விலைக்கு வருகின்றன. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவற்றை வாங்குவோரும், பிள்ளைகளுக்கு இது ஒரு சேமிப்பு ஆகும் என்று நம்புவோரும் நம்மிடையே இருக்கின்றனர். அந்த நம்பிக்கைக்கு அடிப்படை உண்டா என்று பார்ப்போம்.

மூவகை விலை

கையொப்பத்துக்குக் காசு கொடுப்பதில் மூன்று வகை உண்டு. மூன்றையும் ஒன்றாகக் கருதுவதால்தான் குழப்பம் நேர்கிறது.

முதல்வகை, நற்பணிக்காகக் கொடுப்பது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு காந்தியடிகள். தம்மிடம் கையொப்பம் கேட்டு வந்தவர்களிடம் அவர் 5 ரூபாய் கேட்டு வாங்கி, அதனை அரிஜன நிதியில் சேர்த்தார். அந்நாளில் 5 ரூபாய் என்பது ஏழைத் தொழிலாளி ஒருவரின் பல நாட்கூலி. 1933-34ஆம் ஆண்டுகளில் தீண்டாமை ஒழிப்புக்காக நாடெங்கும் சுற்றுப்பயணம் செய்தபோது, தமக்கு அளிக்கப்பட்ட வரவேற்புப் பேழைகளையும் அவர் கூட்டத்திலேயே ஏலம் போட்டு நிதி திரட்டினார். தம் பெயரின்மீது மக்கள் கொண்டிருந்த மோகத்தை வீணாக்காமல் ஒரு பொதுப்பணிக்குத் திருப்பிவிட்ட திறம் அது. அன்று 5 ரூபாய் கொடுத்தவர் இழந்தது ஒன்றுமில்லை. கையொப்பம் கிடைத்தது, தருமமும் நடந்தது.

இரண்டாம் வகை, கையொப்பமிடுபவருக்கே கட்டணமாகக் கொடுப்பது. அமெரிக்காவில் திரைப்பட நடிகர்களும் விளையாட்டு வீரர்களும் இதற்கென்றே கூடும் விழாக்களில் மேசை போட்டு அமர்ந்து, ஒரு கையொப்பத்துக்கு இவ்வளவு என்று விலை குறித்துக் கொடுக்கின்றனர். இதில் ஒரு நன்மை உண்டு. எழுதுவதை நாமே கண்ணால் காண்கிறோம். போலியோ என்னும் ஐயத்துக்கு இடமில்லை. குறையும் ஒன்று உண்டு. வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் அதே கையொப்பம் கிடைக்கிறது. எல்லாரிடமும் உள்ள பொருளுக்குச் சந்தையில் விலை ஏறுவது அரிது. ஆகவே அந்தக் கட்டணத்தைச் சந்திப்பின் மகிழ்ச்சிக்குக் கொடுத்ததாகக் கொள்வதே முறை, முதலீடாகக் கொள்ளலாகாது.

மூன்றாம் வகை, வணிகரிடமோ ஏலத்திலோ வாங்குவது. ஆபத்து முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

விலை எதனால் ஏறுகிறது?

ஒருவர் எவ்வளவு புகழ் பெற்றவரோ அவ்வளவு விலை என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை வேறு. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் 1776ஆம் ஆண்டு கையொப்பமிட்டவர்கள் 56 பேர். அவர்களுள் பட்டன் குவின்னெட் என்பவரை அந்நாட்டவரிலேயே பலர் அறியார். மறு ஆண்டே அவர் ஒரு துப்பாக்கி இணைப்போரில் காயமுற்று மாண்டார். அதனால் அவர் கைப்பட்ட தாள்கள் மிகச் சிலவே எஞ்சின. 56 பேரின் கையொப்பங்களையும் முழுமையாகத் திரட்ட விரும்புவோர் எல்லாரும் இவருடைய ஒன்றைத் தேடியாக வேண்டும். அவர் கையொப்பமிட்ட கடிதம் ஒன்று 2010ஆம் ஆண்டு நியூயார்க் ஏலத்தில் 7 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோயிற்று.

இதற்கு நேர்மாறானவர் கிரிக்கெட் மேதை டொனால்டு பிராட்மன். உலகெங்கும் புகழ் பெற்றவர். எனினும் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் பல்லாண்டுகள், அஞ்சலில் வந்த படங்களிலும் புத்தகங்களிலும் சலிக்காமல் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பி வந்தார். 2001ஆம் ஆண்டு தமது 92ஆம் வயதில் அவர் மறைந்தபோது, அவருடைய கையொப்பங்கள் எண்ணற்ற வீடுகளில் இருந்தன. ஆகவே அவருடைய வெறுங்கையொப்பம் அரும்பொருள் ஆகவில்லை.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை விளங்கும். பொருள் அரிதாக இருக்க வேண்டும். அதனைத் தேடுவோரும் பலராக இருக்க வேண்டும். அதனோடு, எதில் எழுதியிருக்கிறது என்பதும் முக்கியம். துண்டுத் தாளில் இட்ட பெயரைவிட ஒரு கடிதத்தின் அடியில் இட்ட பெயருக்கு மதிப்பு அதிகம். அக்கடிதமும் சம்பிரதாயமான நன்றிக் கடிதமாயின் குறைவு. எழுதியவரின் வாழ்க்கைப் பணியைப் பற்றியதாயின் மிகுதி.

போலிகளின் உலகம்

நம் சட்டைப்பையிலுள்ள ரூபாய்த் தாளில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையொப்பம் இருக்கிறது. அதனை அவர் எழுதியதாக நாம் யாரும் கருதுவதில்லை. அச்சு என்று அறிவோம். ஆனால் நடிகர் படத்தின் கீழே உள்ள கையொப்பத்தைக் கண்டதும் இந்த அறிவு நம்மை விட்டுப் போய்விடுகிறது.

போலிகள் எல்லாம் திருடர் செய்தவை அல்ல. நாள்தோறும் மூட்டை மூட்டையாகக் கடிதம் பெறும் பிரமுகர்களுக்குச் செயலாளரும் உறவினருமே கையொப்பமிட்டு அனுப்புவது பழைய வழக்கம். 1937ஆம் ஆண்டு இளவயதிலேயே மறைந்த ஆலிவுட் நடிகை ஜீன் ஆர்லோவின் படங்கள் பலவற்றில் அவர் பெயரை எழுதியவர் அவருடைய தாயாரே. பிறகு இயந்திரமும் வந்தது. உண்மையான பேனாவைப் பிடித்து, ஒரு மாதிரியைப் பின்பற்றிக் கையொப்பமிடும் பொறியை அமெரிக்கத் தலைவர் கென்னடி மிகுதியாகப் பயன்படுத்தினார். 1965ஆம் ஆண்டு இதைப் பற்றி ஒரு தனி நூலே வெளிவந்தது.

பொறியின் வேலையைக் கண்டுபிடிக்கும் வழி வேடிக்கையானது. எந்த மனிதரும் இருமுறை முற்றிலும் ஒரே மாதிரியாகக் கையொப்பமிடுவதில்லை. ஆகவே இரண்டு கையொப்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மயிரிழையும் பிசகாமல் பொருந்துமானால், அவை பொறி எழுதியவை என்று கொள்ளலாம். அச்சிட்டதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், சிறு சிறு புள்ளிகளாகத் தெரியும். பேனா அழுத்திய தடம் தாளில் இராது. பார்த்து எழுதிய கள்ளக் கையொப்பத்திலோ கோடு நடுங்கும். வேகமாக ஓட வேண்டிய இடத்தில் தயங்கி நிற்கும். சுழியின் முடிவு கூர்மையாக இழுபடாமல் மழுங்கி நிற்கும்.

இத்தகைய சோதனையும் தேர்ந்த கள்வரிடம் தோற்றுவிடுவது உண்டு. 1990களில் அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையினர் விளையாட்டு வீரர்களின் கள்ளக் கையொப்பங்களைப் பற்றி விரிவாக விசாரணை நடத்தினர். அவர்கள் கைப்பற்றிய பொருள்களுள் அன்னை தெரசா கையொப்பமிட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்தும் இருந்தது! கொல்கத்தாவில் நோயாளிகளுக்குத் தொண்டு செய்துகொண்டிருந்த அம்மையாருக்கும் அமெரிக்கப் பந்துக்கும் என்ன தொடர்பு என்று வாங்குவோர் எண்ணிப் பார்ப்பதில்லை என்பதே கள்வரின் துணிவுக்குக் காரணம். அப்பொருள்களோடு உண்மைச் சான்றிதழ்களும் தயாராகவே வைக்கப்பட்டிருந்தன. கையொப்பத்தைப் போலியாகச் செய்பவருக்குச் சான்றிதழை அச்சடிப்பது பெரிய காரியமா?

எனவே சான்றிதழைவிட முக்கியமானது பொருள் வந்த வழி. யார் பெற்றார், எந்த ஆண்டில், எந்த நிகழ்ச்சியில், அவரிடமிருந்து யார் கைக்கு வந்தது என்னும் தொடர் அறாமல் இருக்க வேண்டும். இதனைக் கேட்டவுடன் முகம் சுளிக்கும் வணிகரிடம் மேற்கொண்டு பேச்சு வேண்டாம். பொருள் போலி என்று பின்னர்த் தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுத்தில் உறுதி பெறுவதும் அவசியம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இனி, பொருள் உண்மையானது என்றே வைத்துக்கொள்வோம். ஓர் ஏலத்தில் 10,000 ரூபாய்க்கு நமக்கு விழுகிறது. ஏல நிலையத்தார் வாங்குபவரிடம் 20 விழுக்காடு கட்டணம் பெறுவதாகக் கொண்டால், நாம் செலுத்துவது 12,000 ரூபாய். சில ஆண்டுகள் கழித்து அதே நிலையத்தில் விற்கிறோம். விற்பவரிடம் 10 விழுக்காடு கழிப்பர் என்றால், போட்ட பணம் மீள்வதற்கே ஏல விலை ஏறக்குறைய 13,300 ரூபாய்க்கு உயர வேண்டும். அதாவது, மூன்றில் ஒரு பங்கு விலை ஏறினால்தான் நட்டமில்லை. இடையில் கழிந்த ஆண்டுகளில் அந்த 12,000 ரூபாயும் அஞ்சலகச் சேமிப்பில் இருந்திருந்தால் வட்டி சேர்ந்திருக்கும். கையொப்பத்துக்கு வட்டி இல்லை. அவசரத்துக்கு விற்கப்போனால் உடனே வாங்குவார் கிடைப்பதும் உறுதியில்லை. பிள்ளையின் படிப்புக்கோ பெண்ணின் கலியாணத்துக்கோ வைத்த பணத்தை இதில் இடுவது விவேகமாகாது.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்படி, வரலாற்று மதிப்போ இலக்கிய மதிப்போ உள்ள ஆவணம் 75 ஆண்டுகளைக் கடந்ததாயின் தொல்பொருளாகும். தனிமனிதர் அதனை நாட்டுக்கு வெளியே விற்று அனுப்ப இயலாது. வெளிநாட்டு விலையைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, அந்த விலை நமக்கும் கிடைக்கும் என்று கணக்கிடுவது தவறு.

காசில்லாமல் கிடைத்த செல்வங்கள்

சிறுவராக இருந்த சத்யஜித் ராய் தம் தாயாருடன் சாந்திநிகேதனம் சென்று, புதிதாக வாங்கிய சிறு புத்தகத்தை இரவீந்திரநாத் தாகூரிடம் நீட்டினார். கவிஞர் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பின்னர் அச்சிறுவனுக்கென்றே எட்டு வரிக் கவிதை ஒன்றை எழுதித் திருப்பிக் கொடுத்தார். இதற்குக் கொடுத்த விலை, தயக்கத்தை விட்டு ஒரு பெரியவர் முன் போய் நின்றதுதான்.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. உ. வே. சாமிநாதையர் தமக்குப் புலவர்களும் அன்பர்களும் எழுதிய கடிதங்களைக் குப்பையென்று எறியாமல் காத்துவைத்தார். 1943ஆம் ஆண்டு அவர் பெயரால் சென்னையில் நிறுவப்பட்ட நூல்நிலையத்தில் அவை பேணப்படுகின்றன. பழந்தமிழ் நூல்கள் அச்சேறிய கதையை அறிய விரும்புவோருக்கு அவை பெருந்துணையாக உள்ளன. அக்கடிதங்களின் அடியிலுள்ள கையொப்பங்களை மட்டும் வெட்டி எடுத்து ஒருவர் விற்றிருந்தால் நாம் இழந்திருப்பது எவ்வளவு!

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஊரில் தாத்தாவின் தகரப் பெட்டியில் ஆசிரியரோ, தேசத் தொண்டரோ, சங்கீத வித்துவானோ எழுதிய அஞ்சலட்டை ஒன்று கிடக்கக்கூடும். வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில் அது பழைய காகிதக் கடைக்கு எடை போட்டுப் போய்விடுகிறது. அதே வேளையில் நாம் முன்பின் அறியாத ஒருவரின் கையொப்பத்தை விலை கொடுத்து வாங்குகிறோம். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது.

கிடைத்ததைக் காக்கும் முறையும் எளிது. சூரிய வெளிச்சம் மையை வெளுக்கச் செய்யும். ஆகவே சன்னலுக்கு எதிரே மாட்டக் கூடாது. ஒட்டுநாடாவும் பசையும் நாளடைவில் தாளைப் பழுப்பாக்கும். பிளாஸ்டிக் உறையைச் சூட்டினால் ஒட்டிவிடும் வழக்கம் தாளைக் கெடுத்துவிடும். பிறகு பிரிக்கவே முடியாது. மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று வீசும் ஊர்களில் மழைக்காலம் முடிந்ததும் எடுத்துப் பார்த்து, பூச்சியும் பூசணமும் இல்லையென்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பெற்ற நாள், இடம், சூழல் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி உடன் வைப்பது இன்றியமையாதது. அதுவே பிற்காலத்தில் நம் பேரப்பிள்ளைகளுக்குச் சான்றிதழ்.

முடிவாகச் சொன்னால், நற்பணிக்காகக் கொடுக்கும் காசு வீணாகாது. நேரில் கண்ட மகிழ்ச்சிக்காக, நம்மால் இயன்ற அளவில் கொடுப்பதும் குற்றமில்லை. பெற்ற வழி தெளிவாகத் தெரிந்த ஒரு கடிதத்தை, அதில் எழுதியுள்ள பொருளின்மீது உள்ள பற்றினால் வாங்குவோரும் ஏமாறுவதில்லை. விலை ஏறாவிட்டாலும் விரும்பிய பொருள் அவரிடம் இருக்கிறது. நாளைக்கு இலாபம் வரும் என்று வாங்குபவருக்கே இவ்வாணிகம் ஆகாது. அவர் பணத்தை அஞ்சலகத்தில் போட்டுவிட்டு, ஒரு சிறு புத்தகத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அடுத்த கச்சேரிக்குப் போகட்டும்.